சோலார் வேலியில் ஷாக் இல்லையா? பெட்டியைத் திட்டுவதற்கு முன்னால் கம்பியைப் பாருங்கள்

வேலியில் ஷாக் வரவில்லை என்றதும் முதலில் பழி விழுவது எனர்ஜைசர் மேல்தான், அதாவது வேலிக்குத் துடிப்பு துடிப்பாக மின்சாரம் அனுப்பும் பெட்டி மேல். கழற்றி, சாக்கில் போட்டு, பைக்கில் கட்டி கடைக்கு எடுத்துப் போய் "மிஷின் போச்சு" என்பார்கள். கடைக்காரர் மேஜையில் வைத்து ஆன் பண்ணினால் டிக் டிக் என்று நன்றாக அடிக்கும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் பழைய கதைதான். பெட்டி கெட்டுப்போவதே இல்லை என்று சொல்லவில்லை, இடி விழுந்தால் போகும், பேட்டரி செத்தாலும் படுத்துக்கொள்ளும். ஆனால் பெரும்பாலும் கோளாறு கம்பியில், இல்லை முடிச்சில், இல்லை எர்த்தில் இருக்கும். அறிகுறியை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு வேலி வோல்ட்டேஜை கேவியில் (ஒரு கேவி என்றால் ஆயிரம் வோல்ட்) காட்டும் டிஜிட்டல் டெஸ்டர் ஒன்று வேண்டும். வீட்டு மல்ட்டிமீட்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள், எட்டாயிரம் வோல்ட் துடிப்பில் அது போய்விடும். டெஸ்டர் கையில் இருந்தால் மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: வேலியைக் கழற்றிவிட்டு பெட்டியின் முனையில், வேலியை மாட்டிய பிறகு அதே முனையில், அப்புறம் பெட்டிக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற மூலையில். இந்த மூன்று எண் இல்லாமல் கம்பியை மாற்றுவது, கட்டிங் பிளையரோடு சுற்றுவது எல்லாம் வீண் வேலை. கம்பியில் கை வைக்கும் முன் பெட்டியை ஆஃப் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எழுதுவது எல்லாம் பேட்டரியில் ஓடி, நொடிக்கு ஒரு துடிப்பு என்ற கணக்கில் அடிக்கும் பெட்டிக்குத்தான். இபி லைனை நேராகக் கம்பியில் கொடுத்திருந்தால் அங்கே சரிபார்க்க எதுவுமில்லை, இன்றைக்கே கழற்றுங்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில்தான் தொட்டவர் கையை எடுக்கிறார். இபி கரண்டில் அந்த இடைவெளியே கிடையாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது அப்படிப்பட்ட கள்ள வேலியில்தான், கூட வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டில் மின்வேலிகளுக்கென்றே தமிழக அரசு பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுப் பக்கம் நிலம் இருந்தால் கம்பி வாங்கும் முன்பே வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

"பெட்டி பக்கம் எட்டு காட்டுது, கடைசி மூலையில் மூணுதான் வருது"

இதுதான் கம்பித் தேர்வில் வந்த பிழையின் நேரடி அறிகுறி. அறுந்திருந்தால் கடைசியில் பூஜ்யம் வரும், முடிச்சு மோசம் என்றால் ஒரு குறிப்பிட்ட வேலிக் காலுக்கு (கம்பி கட்டும் தூணுக்கு) முன்னும் பின்னும் எண் சட்டென்று மாறும். காலுக்குக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனால் கம்பியே மின்சாரத்தைத் தின்கிறது என்று அர்த்தம்.

கணக்கு எளிதுதான். கேஜ் என்பது கம்பியின் கனத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் கம்பி மெலியும். கடையில் 12 கேஜ் என்று விற்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி 2.64 மி.மீ. விட்டம், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 31 ஓம் தடை. 14 கேஜ் 2.03 மி.மீ., சுமார் 52 ஓம். 16 கேஜ் 1.63 மி.மீ., 80 ஓம் வரை வரும். விட்டம் பாதியானால் தடை நாலு மடங்கு, அதனால் பார்வைக்குச் சின்ன வித்தியாசமாகத் தெரிவது அளக்கும்போது பெரிதாக இருக்கும். இரண்டு கிலோமீட்டர் ஒற்றைக் கம்பி, கடைசியில் களை பட்டு 500 ஓம் அளவுக்குக் கசிவு, பெட்டி விடாமல் 8 கேவி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் தடையை விட்டுவிட்டால் 12 கேஜில் கடைசி மூலைக்கு 7 கேவி சேரும், 16 கேஜில் 6. பரவாயில்லையே என்று தோன்றும். மழைக்குப் பிறகு கொடி ஏறி அந்தக் கசிவு 100 ஓமுக்கு வந்தால்தான் சேதி தெரியும்: 12 கேஜில் ஏறக்குறைய 5, 16 கேஜில் 3. பன்றிக்கு 4 கேவியாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக மெல்லிய கம்பி கோடையில் வேலை செய்யும், உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படும் ஐப்பசி கார்த்திகையில் கைவிடும்.

பாலிவயர் என்று நைலானில் ஸ்டீல் இழை பின்னிய கயிறு வருகிறது, வெள்ளையாக, கையாள எளிதாக, விலையும் குறைவாக. உள்ளே ஓடுவது தலைமுடி கனத்தில் சில ஸ்டெயின்லெஸ் இழைகள் மட்டும் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மூவாயிரம் நாலாயிரம் ஓம் வரும். மேலே சொன்ன இரண்டு கிலோமீட்டரில், களை குறைவாக இருக்கும்போதே, அரை கேவி அளவுதான் மிஞ்சும். ஆட்டுக்குப் பட்டி மாற்றிப் போட நூறு மீட்டர் சுற்றிக்கட்டுவதென்றால் அருமையான சாமான். தோட்டத்தைச் சுற்றி நிரந்தரமாக ஓட்டுவதற்கு வாங்காதீர்கள்.

சரி, 16 கேஜ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்க வேண்டுமா? பொறுங்கள். வரிசைகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். கட்டும் ஆள் வேலையைச் சுருக்க, மேல் வரிசையை ஒரு சுற்று ஓட்டி, முடிகிற இடத்தில் அப்படியே கீழே இறக்கி அடுத்த வரிசை, அதிலிருந்து அடுத்தது என்று ஒரே கம்பியைப் பாம்பு மாதிரி கொண்டுபோயிருப்பார். சதுரமான ஐந்து ஏக்கருக்குச் சுற்றளவு 570 மீட்டர். ஐந்து வரிசை தொடராக ஓடினால் 2,850 மீட்டர், 16 கேஜில் அது 228 ஓம். அதே ஐந்து வரிசையையும் தொடக்கத்திலும் முடிவிலும் குறுக்குக் கம்பியால் ஒன்றாக இணைத்தால் ஐந்தும் சேர்ந்து சுமந்து தடை 9 ஓமுக்கு இறங்கிவிடும். சில முழம் கம்பியும் பத்து கிளாம்பும்தான் செலவு. சுற்று பெரிதாக இருந்தால் நடுவிலும் ஓரிரு இடத்தில் இணையுங்கள். இதைச் செய்தும் கடைசி மூலை ஏறவில்லை என்றால்தான் கம்பி மாற்றுகிற பேச்சு. (எர்த் கம்பியாக ஓடும் வரிசை இருந்தால் அதை இந்த இணைப்பில் சேர்த்துவிடாதீர்கள், எல்லாம் ஷார்ட் ஆகிவிடும்.)

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றளவு வரை 14 கேஜ் ஓடும், அதற்கு மேல், அல்லது களை கட்டுப்படாத நிலம் என்றால் 12. 10 கேஜும் 8 கேஜும் வாங்குவது பல தோட்டங்களுக்குத் தேவையற்ற சுமை. முடிச்சு போடவே கை வலிக்கும், காலும் சாயும். முள்கம்பியில் எக்காரணம் கொண்டும் ஷாக் கொடுக்கக் கூடாது, மாட்டிக்கொண்ட ஆடோ ஆளோ உதறி வெளியே வர முடியாது.

கடையில் கேஜ் என்று சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு மீட்டர் வெட்டி வாங்கி, கிராம் காட்டும் தராசில் வையுங்கள். 12 கேஜ் என்றால் 43 கிராம் இருக்க வேண்டும், 13 என்றால் 34, 14 என்றால் 25, 16 என்றால் 16 கிராம். பன்னிரண்டு என்று சொல்லி 35 கிராம் காட்டினால் அது பதிமூன்று, பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கம்பி எடைக்கு விற்கிறது என்பதால் இதே எண்ணை வைத்துச் செலவையும் போடலாம்: கிலோவுக்கு 12 கேஜில் 23 மீட்டர், 14 கேஜில் 39 மீட்டர். அந்த ஐந்து ஏக்கருக்கு ஐந்து வரிசை என்றால் 12 கேஜில் 120 கிலோவுக்கு மேலே, 14 கேஜில் 70 கிலோ சொச்சம். வெளிநாட்டு வீடியோக்களில் பன்னிரண்டரை கேஜ் என்று சொல்வது 2.5 மி.மீ., நம் 12-ஐவிடக் கொஞ்சம் மெலிது, அவ்வளவுதான்.

"கம்பியை மாட்டினதும் பெட்டியிலேயே இறங்கிடுது"

கழற்றினால் 8, மாட்டினால் 2. இது கனமான கசிவு. கம்பியை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. வேலியை நடுவில் பிரித்துப் பாதியை மட்டும் ஓட்டுங்கள், எண் ஏறினால் கோளாறு மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து தடவை பிரிப்பதற்குள் சில கால்களுக்குள் வந்துவிடுவீர்கள்.

அங்கே வந்த பிறகு இருட்டும்வரை காத்திருப்பது நல்லது. டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாக நடந்தால் 'டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் சத்தம் கேட்கும், கிட்டே போனால் கம்பியைக் காலில் படாமல் பிடிக்கும் இன்சுலேட்டருக்கும் இரும்பு ஆங்கிள் காலுக்கும் நடுவில் நீலமாக ஒரு பொறி தாண்டும். பகலில் அதே இன்சுலேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தாலும் மயிரிழை விரிசல் சட்டென்று தெரியாது. பழைய ஏஎம் ரேடியோ ஒன்று கிடந்தால் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து வேலியோரமாக எடுத்துக்கொண்டு நடங்கள், கசியும் இடத்தில் டக் சத்தம் பெரிதாகும்.

இன்சுலேட்டருக்குப் பதிலாகச் சொட்டுநீர்க் குழாயை ஒரு சாண் வெட்டிக் கம்பியில் கோத்துக் கட்டியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். கட்டுக்கம்பி இறுக்கி இறுக்கிக் குழாயை அறுத்து உள்ளே போயிருக்கும். அடுத்த சந்தேகம் பெட்டியிலிருந்து வேலிக்குப் போகும் வயர், கேட்டுக்கு அடியில் புதைத்த வயர். வீட்டு வயரிங்குக்கு வரும் பிவிசி வயர் 1,100 வோல்ட்டுக்குச் செய்தது. எட்டாயிரம் வோல்ட்டை மண்ணுக்குள் தாங்காது. கொஞ்ச நாள் ஓடும், ஒரு மழை ஈரத்தில் துளைத்துக்கொண்டு மண்ணுக்கு இறங்கிவிடும், மேலே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இரட்டை உறை போட்ட மின்வேலி கேபிள் என்று கேட்டு வாங்கி, அதையும் ஒரு குழாய்க்குள் விட்டு, குழாயின் இரு வாயையும் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள், தண்ணீர் இறங்காது.

களைதான் காரணம் என்றால் அடிவரிசைக்குத் தனியாக ஒரு கட்-அவுட் சுவிட்ச் வையுங்கள். அடைமழைக் காலத்தில் உன்னிச்செடியும் கொடியும் ஏறும்போது அடிவரிசையை மட்டும் ஆஃப் செய்தால் மேலே இருப்பவை உயிரோடு இருக்கும்.

"மீட்டரில் ஆறு இருக்கு, பன்னி மட்டும் போயிட்டே இருக்கு"

முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அடிவரிசையின் உயரத்தை அளங்கள். காட்டுப்பன்றி மூக்கை முன்னால் நீட்டித் தரையோடு தரையாக வருகிறது, ஈரமான அந்த மூக்கில் பட்டால்தான் அடி. முதல் கம்பி தரையிலிருந்து 6 முதல் 8 அங்குலம், அடுத்தது 16 அங்குலத்தில் இருக்க வேண்டும். ஓர் அடி உயரத்தில் முதல் கம்பி இருந்தால் மூக்கு கீழே நுழைந்துவிடும், கம்பி படுவது முதுகில், அங்கே இருக்கிற முரட்டு மயிரில் ஷாக் இறங்காது, பயந்து முன்னாலேயே பாயும். உள்ளே வந்தது வெளியே போகவும் பயப்படும், அப்புறம் விடிய விடிய கடலைக்காடு காலி. வாய்க்கால், பள்ளம் குறுக்கிடும் இடங்களில்தான் இந்த இடைவெளி பெரிதாக இருக்கும்.

உயரம் சரி, வோல்ட்டேஜும் சரி என்றால் எர்த். ஷாக் என்பது கம்பியிலிருந்து மிருகத்தின் வழியாக மண்ணுக்கு இறங்கி, மண் வழியாகவே பெட்டியின் எர்த் கம்பிக்குத் திரும்பி வருவது. மீட்டருக்கு இம்மியளவு மின்சாரம் போதும், அது நல்ல எண்ணைக் காட்டிவிடும். மிருகத்துக்கு அது போதாது. "மழைக்காலத்தில் நல்லா அடிக்குது, பங்குனி சித்திரையில் ஒண்ணுமே இல்லை" என்பதும் இதே நோய்தான்.

சோதனை: பெட்டியிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, ஆஃப் செய்துவிட்டு, இரண்டு மூன்று கடப்பாரையையோ இரும்புக் கம்பியையோ மண்ணில் அடித்து ஷாக் வரிசையில் சாய்த்து வையுங்கள். ஆன் செய்தால் வேலி 2 கேவிக்குக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை என்றால் இன்னும் ஓரிரண்டு கம்பி சாயுங்கள். இப்போது பெட்டியின் எர்த் ராடில் டெஸ்டரை வைத்து, அதன் மறுமுனைக் குச்சியை ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்துங்கள். அரை கேவிக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை.

ஆறடி ஜிஐ ராடு மூன்று, பத்தடிக்கு ஒன்றாக. இதுதான் குறைந்தபட்சம். ஒன்று மட்டும் அடித்துவிட்டுப் போன தோட்டங்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். வீட்டு எர்த்தோடும் மோட்டார் எர்த்தோடும் சேர்க்காதீர்கள், பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும். உப்பு கொட்டுவதற்குப் பதில் பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் களிமண் பொடி) போடலாம், உப்பு ராடைத்தான் முதலில் தின்னும். தோட்டத்தில் எப்போதும் ஈரம் இருக்கும் இடம், தொட்டியோரம், வாய்க்கால் ஓரம் கிடைத்தால் அங்கே அடியுங்கள்.

செம்மண் காய்ந்து பாறையாக நிற்கும் ஊர்களில் எத்தனை ராடு அடித்தாலும் கோடையில் மண் மின்சாரத்தைக் கொண்டுவராது. அங்கே வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று ஷாக், எர்த் என்று மாற்றி ஓட்டுவதுதான் வழி, மிருகம் இரண்டையும் ஒருசேரத் தொடும்போது மண்ணின் தயவு தேவையில்லை. எர்த் வரிசைக்கும் அதே கேஜ் கம்பிதான், அங்கே மட்டும் பழைய துருக்கம்பியைப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

"ரெண்டு வருஷத்தில் துருப்பிடிச்சிட்டுது, ஜிஐ கம்பின்னுதான் சொன்னாங்க"

ஜிஐதான், பொய் இல்லை. எவ்வளவு துத்தநாகம் என்பதுதான் கேள்வி. சாதாரணக் கம்பியில் சதுர மீட்டருக்கு 50 கிராமுக்கும் கீழே இருக்கும், அது 7 மைக்ரான் கனம். கனத்த பூச்சில் 240 கிராமும் அதற்கு மேலும், 34 மைக்ரான். புதிதில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். முதலில் கம்பியில் வெள்ளைப் பொடி பூக்கும், அதைத் துடைத்தால் சாம்பல் நிறம், அது தீர்ந்த இடத்தில் பழுப்பு. கடலோரம் என்றால் எல்லாம் இன்னும் வேகம்.

வாங்கும்போதே சோதிக்கலாம், வீட்டில் போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருந்தால் போதும். பிளாஸ்டிக் டம்ளரில் 100 மில்லி தண்ணீருக்கு 35 கிராம் அளவில் கரைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்த கம்பித் துண்டை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கழுவித் துடையுங்கள். கறுப்பாக ஒட்டுவது துணியில் வந்துவிடும், அது சும்மா. மறுபடி ஒரு நிமிடம், மறுபடி துடைப்பு. எந்த முக்கில் துடைத்தும் போகாத செம்பு நிறம் பளபளவென்று ஏறுகிறதோ அந்த இடத்தில் துத்தநாகம் முடிந்து இரும்பு வந்துவிட்டது. வெட்டுமுனை முதல் முக்கிலேயே சிவக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டு கடைக் கம்பியை ஒன்றாக முக்கினால் முதல் முக்கில் சிவப்பது எது, மூன்றைத் தாண்டியும் நிற்பது எது என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். இன்னொன்று, கம்பியை அதன் கனத்திலேயே இருக்கிற ஆணியில் நெருக்கமாகச் சுற்றுங்கள், பூச்சு செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

துரு இணைப்புகளில் மட்டும் இருந்தால் கம்பியைக் குறை சொல்ல முடியாது, யாரோ செம்பு வயரை ஜிஐயோடு முறுக்கியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் செம்பு சும்மா இருக்கும், துத்தநாகம் கரையும். ஜிஐக்கு ஜிஐ கம்பி, ஜிஐ கிளாம்ப்.

"இழுத்துக் கட்டினாலும் தொங்குது" / "அடிக்கடி அறுந்து போகுது"

சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பி இழுத்தால் நீளும், நீண்டது திரும்பாது. வெயிலிலும் நூறு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். ஹை டென்சில் கம்பி 2.5 மி.மீ. கனத்திலேயே மைல்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுவை தாங்கும், விட்டால் பழைய நீளத்துக்கு வரும். விலை கூடுதல், வளைக்கவும் கடினம், ஆனால் கால்களின் இடைவெளியைக் கூட்டலாம். எதுவானாலும் வரிசைக்கு ஒரு ஸ்பிரிங், கம்பியை இறுக்கும் டென்ஷனர் ஒன்று வையுங்கள்.

ஒரே இடத்தில் அறுகிறது என்றால் அங்கே கம்பி ஒருமுறை மடங்கி நிமிர்த்தப்பட்டிருக்கும், அல்லது பிளையர் பல் பதிந்திருக்கும். ஹை டென்சிலில் ஒரு சின்ன மடிப்பு போதும். அந்த ஒரு முழத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணையுங்கள், நிமிர்த்தி உபயோகிக்காதீர்கள். சுருளைத் தரையில் போட்டு வளையம் வளையமாக உருவினால் மடிப்பு விழத்தான் செய்யும், சக்கரத்தில் வைத்து உருட்டி விடுங்கள்.

"யானை வந்தா எல்லாமே போச்சு"

கம்பி கனம் இதற்குப் பதில் இல்லை. யானை வேலியைப் படித்துவிடும். தந்தத்தில் ஷாக் ஏறாது, அதனால் கொம்பன் தந்தத்தைக் கொடுத்தே கம்பியை அறுக்கும். இல்லை பக்கத்து மரத்தைத் தள்ளி வேலிமேல் சாய்க்கும். இல்லை வேலிக் காலையே உதைக்கும். 8 கேஜ் போட்டால் அறுவதற்குப் பதில் நாலு காலைச் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும், செலவு கூடுமே தவிர யானை நிற்காது. கம்பியை 12-லேயே வைத்துக்கொண்டு, மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்கு வேலியின் இரு பக்கமும் சுத்தம் செய்யுங்கள், கால்கள் உள்பக்கம் இருக்கட்டும், காலிலிருந்து வெளியே நீட்டிய குறுங்கம்பிகளிலும் ஷாக் ஓடட்டும். கோயம்புத்தூர், கூடலூர் பக்கங்களில் போடும் தொங்கு வேலி இதையெல்லாம் யோசித்துச் செய்தது: கால் உயரமாக எட்டாத தூரத்தில் நிற்கும், மேலிருந்து கம்பிகள் தனித்தனியாகத் தொங்கி ஆடும். பிடித்து அறுக்க இறுக்கமான கம்பி எதுவும் இல்லை, தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தோடு நின்றுவிடுவதால் புல் பட்டுக் கசியும் தொல்லையும் குறைவு. பன்றி அடியில் போய்விடும், அதற்குத் தனி வரிசை வேண்டும்.

யானை இழுத்துவிட்டுப் போன கம்பி அறாமல் இருந்தாலும் அதையே திரும்ப முறுக்கிக் கட்டாதீர்கள். நீண்ட இடத்தில் விட்டம் குறைந்திருக்கும், துத்தநாகமும் வெடித்திருக்கும். அந்த இரண்டு கால் இடைவெளிக்கு மட்டும் புதுக்கம்பி போட்டு கிளாம்பில் இணைத்துவிட்டு, கடைசி மூலையில் ஒருமுறை அளந்து முன்பு எழுதி வைத்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள்.